மலையேறும் திரை

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில், வால்பாறையில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இவ்வமர்வுக்குத் தரப்பட்ட பொருள், ‘திரைப்பட விழாக்கள்: செய்திகளும் இனிச் செய்ய வேண்டிய பணிகளும்’ என்பதாகும். இலக்கிய வட்டத்தின் மேடையில் திரைப்பட விழாவுக்கு என்ன வேலை என்னும் ஐயம் சிலருக்கு எழலாம். அந்த ஐயத்திற்கு விடை இவ்வுரையின் பிற்பகுதியில் வரும்.

திரைப்பட விழாவைப் பற்றிய செய்திகள் இரண்டு வகை. எந்தப் படம் வந்தது, எந்தப் படம் பரிசு பெற்றது, யார் வந்து விளக்கேற்றினார் என்பன முதல் வகை. இவை நாளிதழ்களில் வந்துவிடுகின்றன. அந்தப் படங்களை யார் பார்த்தார்கள், யார் பார்க்க இயலவில்லை என்பது இரண்டாம் வகை. இது பெரும்பாலும் அச்சேறுவதில்லை. கோவை மாவட்டத்தின் இம்மலையுச்சியில் நின்று பேசும்போது, இரண்டாம் வகைச் செய்தியே முதன்மை பெறுகிறது.

கோவையிலிருந்து புறப்பட்ட கூடாரம்

தென்னிந்தியத் திரைப்படத்தின் வரலாறு ஒரு பயணத்தில் தொடங்குகிறது. அந்தப் பயணத்தின் தலைமகன் கோவைக்காரர். 1895 டிசம்பர் 28 அன்று பாரிசில் லூமியேர் சகோதரர்கள் கட்டணம் வாங்கிப் படம் காட்டினார்கள். 1896 ஜூலை 7 அன்று பம்பாய் வாட்சன் ஓட்டலில் அந்த அசையும் படங்கள் இந்தியர் கண்களுக்கு வந்தன. அதன் பிறகு பத்தாண்டு நிறைவதற்குள், 1905ஆம் ஆண்டில், திருச்சியில் தென்னிந்திய ரயில்வேயில் பணியாற்றிக்கொண்டிருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், டூபான்ட் என்னும் பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியையும் சில படச்சுருள்களையும் விலைக்கு வாங்கினார். அரசுப் பணிக்கு நிகரான ரயில்வே வேலையைத் துறந்தார். கூடாரத்தையும் கருவியையும் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் புறப்பட்டார். இயேசுநாதரின் வாழ்க்கையைச் சொல்லும் படம் அவர் காட்டியவற்றுள் ஒன்று. வடக்கே லாகூர், பெஷாவர் வரையிலும் அவர் கூடாரம் சென்றது.

ஊர்சுற்றிய கூடாரம் 1914இல் கோவையில் நிலைகொண்டது. அவர் எழுப்பிய வெரைட்டி ஹால் அரங்கின் பெயரைக் கோவையின் சாலையொன்று இன்றும் தாங்கி நிற்கிறது. 1933இல் கல்கத்தாவின் பயனியர் நிறுவனத்தோடு இணைந்து ‘வள்ளி திருமணம்’ படத்தை அவர் எடுத்தார். டி. பி. ராஜலட்சுமி அதில் வள்ளியாக நடித்தார். 1942இல் சாமிக்கண்ணு வின்சென்ட் மறைந்தார்.

இந்த வரலாற்றில் ஒரு சிறு செய்தி கவிஞர்களின் கவனத்திற்குரியது. அக்காலத்துப் படங்கள் ஊமைப்படங்கள். காட்சிகளுக்கு இடையே எழுத்து அட்டைகள் வரும். எழுத்தறிந்தோர் மிகக் குறைவாக இருந்த காலம் அது. எனவே திரைக்கு அருகே ஒருவர் நின்று அட்டையில் உள்ளதை உரக்கப் படிப்பார், படிப்பதோடு நில்லாமல் கதையை விளக்குவார், உரையாடலைத் தாமே இட்டுக்கட்டுவார், சிரிக்க வைப்பார். வேற்று நாட்டுப் படம் தமிழ்க் கூடாரத்தில் புரிந்தது அந்த ஒருவரின் நாவினால்தான். திரையில் தெரிந்த முகங்களின் பெயர்களுள் சில வரலாற்றில் நின்றன. திரைக்குப் பக்கத்தில் நின்றவர்களின் பெயர்களோ பெரும்பாலும் பதிவாகவில்லை.

இத்தகைய செய்திகளைத் தேடித் தொகுத்துத் தந்தவர் சு. தியடோர் பாஸ்கரன். தாராபுரத்தில் பிறந்தவர் என்ற வகையில் அவரும் கொங்கு நாட்டவரே. தமிழ்த் திரைப்படம் பற்றி அவர் ஆங்கிலத்தில் எழுதி, தமிழில் ‘பாம்பின் கண்’ என வெளிவந்த நூல், திரைப்படம் பற்றிய சிறந்த நூலுக்கான தேசிய விருதினைப் பெற்றது.

கூடாரத்திற்குப் பின் கோவையில் படப்பிடிப்பு நிலையங்கள் எழுந்தன. சிங்காநல்லூரில் சென்ட்ரல் ஸ்டூடியோவும், பின்னர் எஸ். எம். ஸ்ரீராமுலு நாயுடுவின் பட்சிராஜா ஸ்டூடியோவும் புகழ்பெற்றன. எம். ஜி. ஆர். முதன்முதலாகக் கதாநாயகனாக நடித்த ‘ராஜகுமாரி’ 1947இல் கோவையிலிருந்து வெளிவந்ததே. 1950இல் பட்சிராஜா எடுத்த ‘ஏழை படும் பாடு’, பிரெஞ்சு எழுத்தாளர் விக்தர் யூகோவின் நாவலைக் கவியோகி சுத்தானந்த பாரதியார் தமிழில் தந்த நூலை அடியொற்றியது. 1954இல் அந்நிறுவனம் எடுத்த ‘மலைக்கள்ளன்’ நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளையின் நாவல். குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் பெற்ற முதல் தமிழ்ப்படம் அதுவே. மொழிபெயர்ப்பாளரின் மேசையும் கவிஞரின் மேசையும் கோவைத் திரைப்படத்திற்கு அயலானவை அல்ல என்பதற்கு இவ்விரண்டு படங்களும் சான்று.

விழா என்னும் ஏற்பாடு

வணிகத் திரையரங்கிற்கு வாராத படங்களைத் தேர்ந்து, சில நாட்களுக்குள் ஒரே ஊரில் காட்டி, பார்த்தவரையும் எடுத்தவரையும் பேச வைப்பதே திரைப்பட விழா. இந்தியாவின் முதல் அனைத்துலகத் திரைப்பட விழா 1952 ஜனவரி 24 அன்று பம்பாயில் தொடங்கிற்று. பின்னர் சென்னை, தில்லி, கல்கத்தா ஆகிய நகரங்களுக்கும் அது கொண்டு செல்லப்பட்டது. முதல் விழாவே ஓரிடத்தில் நில்லாத விழா என்பது நினைவிற்கொள்ளத்தக்கது. டி சிகாவின் ‘சைக்கிள் திருடர்கள்’ முதலிய இத்தாலியப் படங்கள் அவ்விழாவில் இந்தியப் படைப்பாளர் பலரை உலுக்கின. அடுத்த ஆண்டே பிமல் ராய் ‘தோ பீகா ஜமீன்’ எடுத்தார். நிலத்தை மீட்கக் கல்கத்தாவுக்குச் சென்று ரிக்சா இழுக்கும் உழவனின் கதை அது. ஒரு விழா ஒரு நாட்டின் திரைப்படத்தை எவ்வளவு விரைவில் மாற்றக்கூடும் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

விழாவின் தம்பி என்று திரைப்படச் சங்கத்தைச் சொல்லலாம். 1947இல் சத்யஜித் ராயும் நண்பர்களும் கல்கத்தா திரைப்படச் சங்கத்தைத் தொடங்கினர். 1959இல் இத்தகைய சங்கங்களின் இந்தியக் கூட்டமைப்பு உருவாகி, ராய் அதன் தலைவரானார். கோவையில் ‘கோணங்கள்’ திரைப்படச் சங்கம் பல ஆண்டுகள் ஞாயிறு மாலைகளில், சிங்காநல்லூர்ப் பகுதிப் பள்ளியொன்றின் சிற்றரங்கில் உலகப் படங்களைக் காட்டி வந்தது. படப்பிடிப்பு நிலையத்தால் பெயர்பெற்ற சிங்காநல்லூரில், வேறொரு தலைமுறை அமைதியாக அமர்ந்து ஈரானையும் ஜப்பானையும் பார்த்தது.

இன்றைய நிலையில் விழாக்களின் பருவம் கார்த்திகை, மார்கழித் திங்கள்களை ஒட்டி அமைந்துள்ளது. இந்திய அனைத்துலகத் திரைப்பட விழா 2004 முதல் கோவாவில் நவம்பரில் நடந்து வருகிறது. சென்னை அனைத்துலகத் திரைப்பட விழாவை இந்தோ சினி அப்ரிசியேஷன் பவுண்டேஷன் 2003 முதல் நடத்தி வருகிறது. அதன் வழக்கமான காலம் டிசம்பர். கேரள அனைத்துலகத் திரைப்பட விழா 1996இல் கோழிக்கோட்டில் தொடங்கி, இப்போது டிசம்பர்தோறும் திருவனந்தபுரத்தில் நடைபெறுகிறது. கோவை இளைஞர்கள் பலர் அவ்வாரத்தில் விடுப்பெடுத்துக்கொண்டு பாலக்காட்டுக் கணவாய் வழியே ரயிலேறுவது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது.

கேரள விழாவின் வரலாற்றில் ஒரு நிகழ்ச்சி வால்பாறைக்கு மிக நெருக்கமானது. பெருந்தொற்றுக் காலத்தில், கூட்டத்தைக் குறைக்கும் பொருட்டு, 25ஆம் ஆண்டு விழாவைத் திருவனந்தபுரம், கொச்சி, தலச்சேரி, பாலக்காடு என நான்கு ஊர்களுக்குப் பிரித்து, 2021 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் நடத்தினார்கள். பாலக்காட்டில் நடந்தது மார்ச் முதல் வாரத்தில். ஆனைமலைத் தொடரின் மறுபக்கம் பாலக்காடு மாவட்டம் என்பதை இங்குள்ளோர்க்குச் சொல்ல வேண்டியதில்லை. கட்டாயத்தின் பேரில் செய்த ஏற்பாடுதான். என்றாலும், உலகப்படம் தலைநகருக்கு மட்டுமே உரியதன்று என்பதை அது மெய்ப்பித்தது. தமிழகத்திலும் எழுத்தாளர் அமைப்பாகிய தமுஎகச, திருவண்ணாமலை, புதுக்கோட்டை போன்ற ஊர்களில் உலகத் திரைப்பட விழாக்களை நடத்தியிருக்கிறது. எழுத்தாளர்கள் கூடி நடத்திய விழாக்கள் அவை என்பது இவ்வட்டத்திற்கு ஊக்கம் தரும் செய்தி.

திரையில் மலை உண்டு, திரைக்கு முன்னே?

இனி இம்மலைக்கு வருவோர் காண வேண்டியது ஒரு முரண்.

ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றிய பி. எச். டேனியல், ஆங்கிலேயர் காலத்தில் சமவெளிக் கிராமங்களிலிருந்து ஆசை காட்டி அழைத்து வரப்பட்ட கூலித் தொழிலாளரின் வாழ்வை ‘ரெட் டீ’ என்னும் நாவலாக ஆங்கிலத்தில் எழுதி 1969இல் வெளியிட்டார். கருப்பனும் வள்ளியும் முன்பணம் வாங்கி மலையேறி, கடனிலும் காய்ச்சலிலும் சிக்கும் கதை அது. கோவையைச் சேர்ந்த இரா. முருகவேள் அதனை ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழாக்கினார். அந்நாவலை அடிப்படையாகக் கொண்டு பாலா இயக்கிய ‘பரதேசி’ 2013இல் வெளிவந்தது. அப்படத்தின் ஆடை வடிவமைப்புக்குப் பூர்ணிமா ராமசாமி தேசிய விருது பெற்றார். இம்மலையில் முன்னோர் உடுத்திய முரட்டுத் துணி விருது மேடை வரை சென்றது.

லெனின் பாரதியின் ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ 2018இல் வந்தது. ஏலக்காய் மூட்டையைத் தலையில் சுமந்து மலையிறங்கும் தொழிலாளி, சிறிது நிலம் வாங்க ஏங்கும் கதை. 2021இல் பி. எஸ். வினோத்ராஜின் ‘கூழாங்கல்’ நெதர்லாந்தின் ராட்டர்டாம் விழாவில் புலி விருதினைப் பெற்றது. ஆனால் இங்கு அது 2023இல் இணையவழித் தளத்தில்தான் பொதுமக்களுக்குக் கிடைத்தது. முதுமலையில் யானைக் குட்டிகளை வளர்த்த பொம்மன், பெள்ளி இணையரைப் பற்றிக் கார்த்திகி கொன்சால்வஸ் எடுத்த ஆவணப்படம் 2023இல் ஆஸ்கர் விருது பெற்றது. அதுவும் இணையவழித் தளத்தில் வெளியான படமே.

மலை திரையில் இடம்பெற்றுவிட்டது. தொழிலாளியின் முதுகும், லைன் வீட்டின் புகையும், யானையின் தடமும் உலகைச் சுற்றி வந்துவிட்டன. எனினும் கொழுந்து பறிக்கும் பெண் ஒரு திரைப்பட விழாவின் இருக்கையில் அமர்ந்தாள் என்ற செய்தி அரிதினும் அரிது. படம் எடுக்கப்படும் உரிமை வந்தவர்க்குப் படம் பார்க்கும் உரிமை வரவில்லை.

இதற்குத் தூரம் மட்டுமே காரணம் என்று சொல்லிவிடலாகாது. வால்பாறையிலிருந்து பொள்ளாச்சிக்கு 64 கிலோமீட்டர். பேருந்து உண்டு. கைப்பேசி வந்த பின் படங்கள் உள்ளங்கைக்கே வந்துவிட்டன என்பாரும் உளர். அவர்கள் சொல்வதில் பாதி உண்மை. படம் வந்துவிட்டது, ஆனால் புரியும் மொழியில் வரவில்லை, பேசுவதற்குத் துணையோடு வரவில்லை. தனியே பார்க்கும் படம் தூக்கத்தோடு முடிந்துவிடும். கூடிப் பார்க்கும் படம் மறுநாள் கொழுந்து நிறுக்கும் இடம்வரை பேச்சாய் வரும். அந்தப் பேச்சை உண்டாக்குவதற்குத்தான் விழா.

‘மெதுவாக நகரும் அயல்நாட்டுப் படங்களை உழைத்துக் களைத்தவர் பார்ப்பார்களா’ என்று கேட்பாரும் உண்டு. கேரளத்தில் ஜான் ஆபிரகாமும் அவர்தம் ஒடேசா கூட்டமைப்பினரும் இக்கேள்விக்குச் செயலால் விடை தந்தனர். சாப்ளினின் ‘தி கிட்’ படத்தை ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டி, மக்கள் தந்த சிறு தொகைகளைச் சேர்த்தே அவர்கள் 1986இல் ‘அம்ம அறியான்’ எடுத்தார்கள். பார்த்தவர்களே படத்தின் முதலாளிகள் ஆனார்கள். அதே ஜான் ஆபிரகாம் 1977இல் தமிழில் எடுத்த ‘அக்ரஹாரத்தில் கழுதை’க்குத் திரைக்கதை எழுதியவர் திறனாய்வாளர் வெங்கட் சாமிநாதன். இலக்கியவாதி திரைப்படத்தை வெளியே நின்று விமரிசித்ததோடு நில்லாமல் உள்ளே சென்று உழைத்ததற்கு அது எடுத்துக்காட்டு.

திரையின் அடியில் ஓடும் வரி

தொடக்கத்தில் எழுப்பிய ஐயத்திற்கு இங்கே விடை வருகிறது.

தமிழகத்தில் நடைபெறும் விழாக்களில் பாரசீகப் படமாயினும் கொரியப் படமாயினும் திரையின் அடியில் ஓடுவது பெரும்பாலும் ஆங்கில வரிகளே. சப்டைட்டில் எனப்படும் இந்தத் துணைத்தலைப்பை விரைந்து படிக்கத் தெரிந்தவர்க்கு மட்டுமே அந்தப் படம் முழுமையாகத் திறக்கிறது. நுழைவுச் சீட்டு வாங்கிய பிறகும் வாசலில் நிற்க வைக்கும் வேலி இது. ஆழியாற்றிலிருந்து ஏறும் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளைக் காட்டிலும் கடினமான வளைவு, திரையின் அடியிலிருக்கும் அந்த ஒரு வரிதான்.

மலையாளத்தில் இவ்வேலியை அகற்றும் வேலை நடந்துகொண்டிருக்கிறது. ‘எம்சோன்’ என்னும் தன்னார்வக் குழுவினர் 2012 முதல் உலகப் படங்களுக்கு மலையாளத் துணைத்தலைப்புகளை எழுதி வருகின்றனர். சம்பளம் இல்லை, பிற மொழிப்படம் தம் மொழியில் படிக்கப்பட வேண்டும் என்ற விருப்பம் உண்டு. தமிழில் இந்த முயற்சி அந்த அளவிற்கு வேரூன்றவில்லை.

இது கவிஞர்களின் வேலை. துணைத்தலைப்பின் இலக்கணத்தைக் கேட்டால் கவிஞர்களே ஒப்புவர். திரையில் இரண்டு வரிக்கு மேல் இடமில்லை. ஒரு வரி ஆறேழு நொடிக்கு மேல் நிற்பது அரிது. பல வரிகள் இரண்டே நொடியில் மறைந்துவிடும். பாத்திரம் பேசத் தொடங்கும்போது வரி தோன்ற வேண்டும். வாய் மூடும்போது மறைய வேண்டும். பார்ப்பவர் வரியைப் படித்துவிட்டு முகத்தையும் பார்க்க நேரம் வேண்டும். எனவே சொல்லப்பட்டதில் பாதியை விட்டுவிட்டு, விட்டது தெரியாமல் எழுத வேண்டும். எதை விடுவது என்பதை அறிந்தவரே அங்கு மொழிபெயர்ப்பாளர். சொற்சுருக்கத்தைப் பத்தாண்டுகளாகப் பயின்ற ஒரு வட்டத்திற்கு இதைவிடப் பொருத்தமான பணி வேறில்லை.

தமிழில் ஒரு தனி இடர்ப்பாடும் உண்டு. தமிழ்ச் சொற்கள் நீளமானவை. வேற்றுமையும் வினைவிகுதியும் ஒட்டிக்கொண்டு வரியை நீட்டும். எழுத்து நடையில் எழுதினால் திரையில் இடம் போதாது. பாத்திரமும் மேடைப் பேச்சாளர் ஆகிவிடும். முழுக்கப் பேச்சு நடையில் எழுதினால் எந்த வட்டாரத்துப் பேச்சு என்ற கேள்வி வரும். பொள்ளாச்சிப் பேச்சில் ஈரானியச் சிறுவன் பேசலாமா? ‘வாங்க’, ‘போங்க’ என்னும் கொங்கின் மரியாதை எந்தப் பாத்திரத்திற்குப் பொருந்தும்? தாய் மகனை அழைக்கும் சொல் எது? ஒவ்வொரு வரியிலும் முடிவெடுத்தாக வேண்டும். இவை இலக்கியக் கேள்விகளே அன்றித் தொழில்நுட்பக் கேள்விகள் அல்ல.

தொழில்நுட்பம் எளிது. எஸ்.ஆர்.டி. எனப்படும் கோப்பு, வரிசை எண், தோன்றும் நேரம், மறையும் நேரம், வரி என்னும் நான்கு கூறுகளை மட்டுமே கொண்ட எளிய எழுத்துக் கோப்பு. தட்டச்சு செய்யத் தெரிந்த எவரும் அதைக் கையாளலாம். முழுநீளப் படமொன்றில் ஆயிரம் வரிகள் அளவில் வரும். பத்துப் பேர் ஆளுக்கு நூறு வரி என்று பிரித்துக்கொள்வது எளிதாகத் தோன்றும். ஆனால் ஒரே பாத்திரம் பத்து விதமாகப் பேசிவிடும். பாத்திரத்திற்கு ஒருவர் எனப் பிரித்துக்கொண்டு, இறுதியில் ஒருவர் முழுமையும் படித்துச் சீர்செய்வதே சிறக்கும்.

வட்டத்தின் முன் உள்ள பணி

வட்டம் எடுத்துக்கொள்ளத்தக்க பணியைக் கால வரிசையில் கூறுவது நலம்.

டிசம்பர் மாதம் பார்ப்பதற்கு உரியது. சென்னைக்கோ திருவனந்தபுரத்திற்கோ உறுப்பினர் சிலர் சென்று, மலையில் காட்டத்தக்க படங்களைக் குறித்து வரலாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை இம்மலை மழைக்குள் இருக்கும். சின்னக்கல்லாற்றின் மழையைப் பற்றி இங்குள்ளோர்க்கு விளக்க வேண்டியதில்லை. வெளியே செல்ல இயலாத அம்மாதங்கள் துணைத்தலைப்பு எழுதுவதற்கு உகந்தவை. ஜனவரி, பிப்ரவரியில் வானம் தெளிந்திருக்கும். திரையிடலுக்கு ஞாயிற்றுக்கிழமை ஏற்றது. பிற்பகலில் தொடங்கி, பொழுது சாயுமுன் முடித்தாக வேண்டும். யானை நடமாடும் பாதைகளில் இருட்டிய பின் யாரையும் வீடு திரும்பச் செய்தலாகாது. விழா நேரத்தைத் தலைமை விருந்தினரை நோக்கி வகுப்பது சமவெளியின் வழக்கம். இங்கு அதை யானையை நோக்கி வகுக்க வேண்டும்.

படத் தேர்வில் ஓர் எச்சரிக்கை வேண்டும். தோட்டத் தொழிலாளர்க்குத் தோட்டத் தொழிலாளரின் துயரப்படத்தையே காட்ட வேண்டும் என்ற எண்ணம் நல்லெண்ணமாயினும் குறுகியது. தம் துன்பத்தை அவர்கள் அறிவார்கள். சிரிக்கவும், வேறு நாட்டைப் பார்க்கவும், காரணமின்றி மகிழவும் அவர்களுக்கும் உரிமை உண்டு. மொழியே தேவைப்படாத சாப்ளினின் படத்தோடு தொடங்கலாம். மஜீத் மஜீதியின் ‘சில்ட்ரன் ஆஃப் ஹெவன்’ படத்தில் அண்ணனும் தங்கையும் ஒரே இணைக் காலணியைப் பள்ளிக்கு மாறி மாறி அணிந்து செல்கிறார்கள். அதைப் புரிந்துகொள்ள லைன் வீட்டுக் குழந்தைக்கு விளக்கவுரை தேவையில்லை. கொங்கு மண்ணில் உருவான ‘மலைக்கள்ளன்’ போன்ற பழைய படத்தையும் சேர்த்தால் முதியோர் மகிழ்வர். எப்படமாயினும் உரிமையாளரிடம் எழுத்து வழி இசைவு பெற்றே காட்டுதல் வேண்டும். பிறர் உழைப்பைக் கேளாமல் எடுப்பது, உழைப்பின் மதிப்பைப் பேசும் அவைக்கு அழகன்று.

இன்னொரு செய்தியும் உண்டு. அண்மை ஆண்டுகளில் இத்தோட்டங்களில் அசாம், ஜார்க்கண்ட், ஒடிசா மாநிலங்களிலிருந்து வந்தோர் பெருமளவில் பணிபுரிகின்றனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சோட்டா நாக்பூர்ப் பகுதியிலிருந்து அசாம் தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள்சேர்த்துக் கொண்டுபோனார்கள். ‘எரியும் பனிக்காடு’ சொல்லும் கதைக்கு அங்கும் ஒரு வடிவம் உண்டு. அந்த நிலங்களின் மக்கள் இன்று இங்கே கொழுந்து பறிக்கிறார்கள். அவர்களுக்கென்று இம்மலையில் ஒரு கலை நிகழ்ச்சி நடந்ததா என்று வட்டம் தன்னைத் தானே கேட்டுக்கொள்ளலாம்.

ரீமா தாஸ் ஏறத்தாழத் தனியொருவராக எடுத்த அசாமியப் படம் ‘வில்லேஜ் ராக்ஸ்டார்ஸ்’. வெள்ளம் வந்து போகும் சிற்றூரில், கித்தார் ஒன்று வேண்டுமென்று கனவு காணும் சிறுமியின் கதை. 2017ஆம் ஆண்டின் சிறந்த படத்திற்கான தேசிய விருதை அது பெற்றது. அப்படத்தைத் தமிழ்த் துணைத்தலைப்போடு வால்பாறையில் காட்டும் மாலையை எண்ணிப் பார்க்கலாம். அசாமிலிருந்து வந்தவர் செவியால் கேட்பார். தமிழர் கண்ணால் படிப்பார். ஒருவர் முதலில் சிரிப்பார். மற்றவர் ஒரு நொடி கழித்துச் சிரிப்பார். ஒரே நிரையில் கொழுந்து பறித்தும் பேசிக்கொள்ள மொழியில்லாத இருவர், ஒரே நிரையில் அமர்ந்து அந்த ஒரு நொடியைக் கடப்பார்கள். ஜார்க்கண்டின் பழங்குடி இயக்குநர் பீஜு தோப்போவின் ஆவணப்படங்களையும் இவ்வாறே கொண்டுவரலாம். இம்மலைக்கே உரிய காடர், முதுவர், மலசர் மக்களை அழைப்பதும், அவர்கள் எதைப் பார்க்க விரும்புகிறார்கள் என்று முதலில் கேட்பதும் முறையாகும்.

இறுதியாக, படிக்க இயலாதவரைப் பற்றிய கேள்வி. தமிழில் வரி எழுதிவிட்டாலும், எழுத்தறியாத மூதாட்டிக்கும் பார்வை மங்கிய முதியவர்க்கும் அது பயன்படாது. இதற்கு விடையைக் கூடாரக் காலமே தந்துவிட்டது. திரைக்கு அருகே ஒருவர் நிற்கட்டும். வரிகளை எழுதிய கவிஞரே நின்று படிக்கட்டும். தாம் எழுதிய வரி நீளமானதா, வறண்டதா, உயிருள்ளதா என்பதை அந்த அரங்கின் சிரிப்பும் அமைதியும் உடனே சொல்லிவிடும். எந்தக் கவியரங்கிலும் கிடைக்காத திறனாய்வு அது.

பத்தாண்டுகளில் இவ்வட்டம் கவிதை படித்தது, நூல் வெளியிட்டது, எழுத்தாளரை அழைத்துப் பாராட்டியது. பதினோராம் ஆண்டில் ஒரே ஒரு படம் போதும். ஒரு படத்திற்கு ஆயிரம் வரி; ஓர் அரங்கு; ஒரு ஞாயிறு. அந்த ஒரு படம் நிறைவேறினால் அடுத்த ஆண்டு அதனை விழா என்று அழைக்கலாம். சாமிக்கண்ணு வின்சென்ட் விலைக்கு வாங்கியதும் ஒரு கருவியும் சில சுருள்களும் மட்டுமே.